1947இல் விட்ட இடத்திலிருந்து: பிக்கு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அனைத்துப் பல்கலைக்கழக பிக்கு மாணவர் ஒன்றியத்துக்கும், களனியிலும் பேராதனையிலும் ஜயவர்தனபுரவிலும் படித்துக்கொண்டிருக்கும் பிக்கு மாணவர்களுக்கும்.

வணக்கத்துக்குரிய தேரர்களே,

துறவிக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வி உங்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. இலவசக் கல்விக்காக ஊர்வலம் போனாலும் கேட்கிறார்கள், கண்ணீர்ப்புகை குடித்துவிட்டு வந்தாலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் தெளிவாகப் பதில் சொன்ன இடம் பேலியகொடை வித்யாலங்காரப் பிரிவேனா என்ற பிக்குகள் கல்லூரி. 1946 பெப்ரவரி 13ஆம் திகதி அங்கிருந்து வெளிவந்த பிரகடனத்தின் பிள்ளைகள் நீங்கள். நான் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள். அந்தச் சொத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லவும், அதை எங்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்கவும்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. அவர்களும் இந்த மடலை வாசிப்பார்கள்.

1940களின் நடுப்பகுதி. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்பது தெரிந்துவிட்டது. ஆட்சி யார் கைக்குப் போகும் என்பதுதான் பாக்கி. டி. எஸ். சேனநாயக்கவும் அவரைச் சுற்றியிருந்த பெரிய காணிக்காரர்களும், பிக்குகள் விகாரையில் பிரித் ஓதிக்கொண்டு இருந்தால் போதும் என்றார்கள். வித்யாலங்காரத் தேரர்கள் அதை ஏற்கவில்லை. யக்கடுவே பிரக்ஞாராம தேரர் முன்னின்று எழுதிய அந்தப் பிரகடனம், மக்களின் நன்மைக்காகச் செய்யப்படும் எந்த வேலையும் பிக்குவுக்கு ஏற்ற வேலைதான் என்றது. துறவு வாழ்வுக்கு இடையூறு இல்லாமல் அதைச் செய்யவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கல்வி, சுகாதாரம், ஏழையின் பசி எல்லாமே அரசியல் என்றால் அந்த அரசியலிலிருந்து பிக்குவை எப்படி விலக்குவது என்பதுதான் அவர்களுடைய வாதம். அதே ஆண்டு வல்பொல ராகுல தேரர் பிக்குகளின் மரபுரிமை பற்றிய தன் புத்தகத்தை எழுதினார். லங்கா எக்சத் பிக்கு மண்டலய என்ற பிக்குகள் அமைப்பும் அந்த ஆண்டில்தான் உருவானது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தைப் பணக்காரர் தடுக்கப் பார்த்தபோது அதற்காக ஊரூராகப் போய்ப் பேசியவர்களில் இந்தப் பிக்குகள் முன்வரிசையில் நின்றார்கள்.

அந்த இலவசக் கல்வி எங்கள் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர 1970கள் ஆயின. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வரைக்கும் துரையின் தயவில் ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அந்தக் கொட்டிலில் அ, ஆ எழுதியவள்தான் நான். இருந்தாலும் அந்தத் தேரர்கள் கேட்ட கல்வியின் பலனை, பிந்தியாவது, என் மாணவர்கள் அனுபவித்தார்கள். அந்த நன்றி எனக்கு இருக்கிறது.

அப்புறம் 1947 ஜனவரி 6. களனி ரஜமகா விகாரையில் பிக்குகள் கூடுகிறார்கள். இலங்கை சுதந்திரமான, இறைமையுள்ள நாடாக இருக்க உரிமை உடையது என்று சங்கத்தின் பெயரால் பிரகடனம் செய்கிறார்கள். வாசித்தவர் அதே பிரக்ஞாராம தேரர். சோல்பரி யாப்பு என்று வெள்ளைக்காரன் கொடுத்த அரசியலமைப்பின் பெயரில் அரைகுறையாகத் தரப்படுவதைக் கைநீட்டி வாங்கத் தயாராக இருந்த அரசியல்வாதிகளுக்கு முன்னால், முழுதாகக் கொடு என்று கேட்டவர்கள் இவர்கள். சுதந்திரம் கிடைத்த 1948 பெப்ரவரி 4 வருவதற்கு ஒரு வருசத்துக்கும் மேலே இருந்தது. சுதந்திர தினக் கொடியேற்றத்தில் இந்த ஜனவரி 6ஐ யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சேனநாயக்கவின் படத்துக்கு மாலை போடுகிற அரசு, அவரை எதிர்த்து நின்ற பிக்குகளை நினைவில் வைத்திருக்க விரும்பாது. நீங்கள் விரும்பவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விசயம். அதே 1947இல் தேர்தல் நடந்தது. அரசியல் பிக்குகள் சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு எதிராக இறங்கினார்கள். களனியில் ஜே. ஆர். ஜயவர்தனவுக்கு எதிராக, மீரிகமவில் சேனநாயக்கவுக்கு எதிராக, இடதுசாரி வேட்பாளர்களுக்காக வேலை செய்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் பாட்டன்மார் என்ன செய்தார்கள் தெரியுமா? நுவரெலியாவில், தலவாக்கலையில் தங்கள் சொந்த ஆட்களை ஜெயிக்க வைத்தார்கள். தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. தங்கள் ஆள் நிற்காத தொகுதிகளில் சமசமாஜக் கட்சிக்கும் மற்ற இடதுசாரிகளுக்கும் வாக்குப் போட்டார்கள். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் செத்தபோது தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் யார் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

ஆக, காவி உடுத்தவரும் கொழுந்துக்கூடை சுமந்தவளும் ஒரே தேர்தலில், ஒரே எதிராளிக்கு எதிராக, ஒரே பக்கம் நின்றிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் நின்றார்கள். ஆனால் நின்றார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பன்சலையும் (விகாரையும்) லயமும் ஒரு பக்கமா என்று திருப்பிக் கேட்பார்கள்.

நடந்தது என்னவென்றால், ஐக்கிய தேசியக் கட்சி அந்தக் கூட்டைக் கண்டு பயந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. ஏறக்குறைய 7 லட்சம் பேர். அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தன. ஆனால் முந்திய ஆண்டு களனியில் எழுந்தது போன்ற ஒரு பிரகடனம் எங்களுக்காக எழவில்லை. எங்கள் வாக்கைப் பறித்தது எங்களை மட்டும் பாதிக்கவில்லை. மலைநாட்டில் இடதுசாரிகளுக்கு விழுந்துகொண்டிருந்த வாக்கும் அதோடு போயிற்று. அந்த இடத்தில் சிங்களக் கிராமத்து ஏழை தனித்துப்போனான், அவனுக்காகப் பேசிய பிக்குவும் தனித்துப்போனார். தனித்துப்போனவரைப் பிடித்து இழுத்துக்கொள்ள இனவாதம் வாசலில் காத்திருந்தது.

1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். 1958 ஏப்ரல் 9இல் ரோஸ்மீட் பிளேஸில் பிரதமர் வீட்டுக்கு முன்னால் பிக்குகள் உட்கார்ந்தார்கள். பிரதமர் பண்டாரநாயக்க, தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். பதினொரு வருசம்தான் இடைவெளி. வெள்ளைக்காரனுக்கு எதிராக உட்காரக் கற்ற கால்கள் அயலானுக்கு எதிராக உட்கார்ந்தன.

இதை வெளியிலிருந்து யாரோ செய்த சதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வல்பொல ராகுல தேரரின் 1946ஆம் ஆண்டுப் புத்தகத்திலேயே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, மக்களின் பசிக்கும் அறியாமைக்கும் பிக்கு பொறுப்பாளி என்ற பாதை. மற்றது, எல்லாளனோடு போரிட்ட சிங்கள மன்னன் துட்டகைமுனுவின் படையோடு பிக்குகள் நடந்ததை முன்மாதிரியாகக் காட்டும் பாதை. முதலாவதைப் பிடித்தவர்கள் குறைந்துகொண்டே போக, இரண்டாவது அகன்று நெடுஞ்சாலையாகிவிட்டது. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. புத்தரின் போதனையை உலகத்துக்கு அவரைப் போல எளிமையாகச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அந்த மரபுரிமையை வாரிசுகள் வாங்கும்போது இந்தக் கணக்கையும் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

பர்மாவில் நடந்ததும் இதுதான். 1921இல் கவர்னர் கிரடொக்கைத் திரும்பிப் போ என்று சொல்லிச் சிறைக்குப் போன ஊ ஒத்தமா ஒரு பிக்கு. ஊ விசாரவின் சாவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரங்கூன் சிறையில் அவருடைய சீவரத்தை, அந்தக் காவி உடையை, கழற்றிவிட்டார்கள். சீவரம் உடுத்தும் உரிமைக்காக 166 நாள் உண்ணாமல் இருந்து 1929 செப்டெம்பர் 19இல் இறந்தார். ஒரு துண்டுத் துணிக்காக உயிரைக் கொடுத்த மனிதர் அவர். அவர் இறந்து பத்து வருசம் ஆகவில்லை, 1938 ஜூலையில் அதே ரங்கூனில் இந்திய முஸ்லிம்கள் மேல் கலவரம் பாய்ந்தபோது சீவரம் உடுத்தவர்கள் சிலரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எந்தத் துணிக்காக விசார செத்தாரோ அதே துணி.

உங்கள் பரம்பரையில் வேறு மாதிரி மனிதர்கள் இருந்தார்கள். அவர்களைத்தான் நீங்கள் தேடி எடுக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

உடகெந்தவல சரணங்கர தேரரின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? இந்தியாவுக்குப் படிக்கப் போனவர், அங்கே விடுதலைப் போராட்டத்தில் இறங்கி ஆங்கிலேயரின் சிறையைப் பார்த்தார். நாடு திரும்பிச் சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். பிறகு கட்சி பிளந்தபோது வெளியேறி, கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1957இல் சோவியத் அரசு அவருக்கு லெனின் சமாதானப் பரிசு கொடுத்தது. அதே ஆண்டுப் பட்டியலில் சர். சி. வி. ராமனும் இருக்கிறார். அந்தக் கட்சியைக் கட்டியவர்களில் சரணங்கர தேரரோடு இருந்த தமிழர்கள் யார் யார் என்று பாருங்கள்: அ. வைத்திலிங்கம், பொன். கந்தையா. கந்தையா 1956இல் பருத்தித்துறையில் வென்று, சிங்களம் மட்டும் சட்டத்தை நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசியவர். வடமராட்சித் தமிழனும் ஒரு தேரரும் ஒரே கட்சியில் தோழர்களாக இருந்ததை அந்தக் காலத்தில் யாரும் புதுமையாகப் பார்க்கவில்லை.

இன்னொருவர் ராகுல சாங்கிருத்தியாயன். அவரை எங்களுக்குத் தெரியும். வால்காவிலிருந்து கங்கை வரை படிக்காத தமிழ் இடதுசாரி யார்? கண. முத்தையா அதைச் சிறையில் இருந்தபோது தமிழாக்கினார். எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கக்காரர் ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தது. அட்டை கிழிந்து, தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளால் உறை போட்டு வைத்திருந்தார். ஒருவர் படித்து முடிக்க அடுத்த லயத்துக்குப் போகும். ஓரங்களில் பென்சிலால் அவரவர் பெயரின் முதல் எழுத்து. அதை எழுதிய மனிதர் பௌத்தரானது எங்கே என்று அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரியாது. அசம்கரில் பிறந்த கேதார்நாத் பாண்டே 1927இல் சமஸ்கிருதம் படிப்பிக்க வந்து, பாளி படித்து, 1930இல் ராகுல என்ற பெயரோடு பிக்குவானது உங்கள் வித்யாலங்காரத்தில்தான். திபெத்துக்குப் போய் இந்தியா இழந்த ஏடுகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்தவர், பிறகு காவியைக் களைந்துவிட்டு பீகாரில் குடியானவர்களோடு நின்றார். 1939இல் அம்வாரியில் ஜமீன்தாரின் கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது தலையில் அடி விழுந்தது. ரத்தம் வழியக் கைதானார். ஹஸாரிபாக், தேவ்லி என்று சிறை. கடைசிக் காலத்தில் மறுபடியும் வித்யாலங்காரத்துக்குத் திரும்பி வந்து, அது பல்கலைக்கழகமாகியிருந்தபோது தத்துவம் படிப்பித்தார். அந்த வித்யாலங்காரம்தான் இன்றைய களனிப் பல்கலைக்கழகம். எங்கள் லயத்தில் கைமாறிய புத்தகத்தின் ஊற்று உங்கள் வளாகத்தில் இருந்திருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் 2022இல் உங்களைப் பார்த்தேன்.

மே 18 அன்று, அரசுக்கு எதிரான போராட்டம் நடந்த காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. தேங்காய்ப்பால்கூடக் கிடையாது, அங்கே கிடைக்கவில்லை என்பதால். கொழும்பின் நடுவில், போர் வெற்றியைக் கொண்டாடிப் பழகிய நாளில், செத்தவர்களுக்காக விளக்கு எரிந்தது. அங்கே நின்றவர்களில் காவி உடுத்தவர்களும் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற இளம் பிக்கு ஒருவர், இருபது வயதுதான் இருக்கும், கஞ்சிப் பானையைக் காட்டி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: கடைசி நாட்களில் சனம் இதைத்தான் குடித்தது, இதற்கு வரிசையில் நின்றபோதும் ஷெல் விழுந்தது. அவர் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை என்றார். வரலாறு படிப்பித்தவள் என்ற முறையில் அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 18இல், உங்கள் ஒன்றியத்தின் அழைப்பாளர் கல்வெவ சிறிதம்ம தேரரைக் கைது செய்தார்கள். மாணவர் தலைவர் வசந்த முதலிகேயையும் அவரையும் ஹஷாந்த ஜீவந்தவையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 90 நாள் தடுத்துவைக்க ஜனாதிபதி கையொப்பமிட்டார். அந்தச் சட்டம் 1979இல் ஜே. ஆர். கொண்டுவந்தது. 1947இல் களனியில் உங்கள் குருமார் தோற்கடிக்கப் பார்த்த அதே ஜே. ஆர். தற்காலிகச் சட்டம் என்று வந்து நிரந்தரமானது. அதில் எங்கள் பிள்ளைகள் விசாரணை இல்லாமல் வருசக்கணக்கில் இருந்தார்கள். சித்திரவதையில் எழுதி வாங்கிய வாக்குமூலத்தில் தண்டனை பெற்றார்கள். அவர்களுடைய அம்மாமார் கொழும்புக்கு ரயில் ஏறித் திரிந்தார்கள். சிறிதம்ம தேரரை விடுவிக்கக் கேட்டுத் தமிழர்களும் குரல் கொடுத்தோம். அதைச் சலுகையாக நினைக்கவேண்டாம். அந்தச் சட்டத்தின் வலி எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். இன்று நீங்கள் அந்தச் சட்டத்தை ஒழிக்கச் சொல்லி நிற்கும்போது, உங்கள் பதாகையில் தமிழ்க் கைதிகளும் இருக்கவேண்டும்.

காணி விசயத்தையும் பேசாமல் விடமுடியாது. குடியேற்றவாதத்தை எதிர்ப்பவருக்கு 1840 என்ற ஆண்டு மறக்காது. அந்த ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காணியெல்லாம் ராணிக்குச் சொந்தம் என்றது. கண்டிக் குடியானவனின் சேனைப் பயிர் நிலமும் காடும் கோப்பித் தோட்டமாயின. அந்தத் தோட்டத்தில் வேலை செய்யத்தான் எங்கள் முப்பாட்டன்மாரை மன்னாரிலிருந்து காட்டுவழியாக நடத்திக் கூட்டிவந்தார்கள். வழியெல்லாம் பிணம். காணி பறிகொடுத்தவனுக்கும் அந்தக் காணியில் கூலியாக வந்தவனுக்கும் எதிராளி ஒருவன்தான் என்று சமசமாஜக்காரர்கள் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிப் பார்த்தார்கள்.

இப்போது யாழ்ப்பாணத்துத் தையிட்டிக்கு வாருங்கள். இராணுவம் சனத்தை வெளியே வைத்திருந்த காலத்தில் அவர்களுடைய காணியில் ஒரு விகாரை எழுந்தது. உறுதி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் உரிமையாளர்கள் போயா (பௌர்ணமி) தினங்களில் வெயிலில் நின்று போராடுகிறார்கள். அதை இந்துவுக்கும் பௌத்தருக்கும் சண்டை என்று செய்தியில் சொல்கிறார்கள். உங்கள் சங்கத்தில் 1840ஐப் படித்த ஒருவருக்கு அது அப்படித் தெரியக்கூடாது. ஆயுதம் பிடித்தவன் காணிக்காரனை வெளியே தள்ளிவிட்டு அங்கே தன் சின்னத்தை நடுகிறான். இதை வெள்ளைக்காரன் செய்தபோது எதிர்த்த மரபு உங்களுடையது. விகாரையை இடி என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. அடுத்த போயாவுக்கு உங்களில் நாலு பேர் தையிட்டிக்குப் போய் அந்த உரிமையாளர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், அவர்களுடைய உறுதியை வாங்கி வாசித்துப் பாருங்கள் என்று கேட்கிறேன். நீங்கள் உட்கார்ந்தால் நாடே பார்க்கும். ரோஸ்மீட் பிளேஸில் உட்கார்ந்ததை நாடு இன்னும் மறக்கவில்லை அல்லவா.

உங்களுக்கு இது லேசான காரியம் இல்லை என்று தெரியும். துரோகி என்பார்கள். உங்கள் சொந்தப் பன்சலையிலிருந்து நெருக்குவார்கள். தானம் தருகிற வீடுகள் முகம் திருப்பும். உங்களில் பலர் ஏழைக் கிராமங்களிலிருந்து சின்ன வயதில் சீவரம் உடுத்தவர்கள், படிப்புக்கு அதைத் தவிர வழி இருந்திராது. 1946இல் அந்தத் தேரர்களுக்கும் இதேதான் நடந்தது. பெரிய பத்திரிகைகள் ஏசின, தலைமைத் தேரர்களான மகாநாயக்கர்கள் கண்டித்தார்கள், செல்வந்தர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு எழுதிய பிரகடனம் என்பதால்தான் இன்றைக்கும் அதற்கு மதிப்பு.

வருகிற பெப்ரவரி 13ஆம் திகதி வித்யாலங்காரப் பிரகடனத்தை இரண்டு மொழியிலும் வாசியுங்கள். அதைத் தமிழில் அச்சிட்டு எங்கள் பாடசாலைகளுக்குக் கொடுங்கள். சரணங்கர தேரர் எழுதியவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மொழிபெயர்க்கச் சிங்களம் தெரிந்த ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். கூட்டத்தைக் கொழும்போடு நிறுத்தாமல் ஹட்டனிலும் ஒன்று வையுங்கள். மண்டபத்துக்கும் பகல் தானத்துக்கும் நாங்கள் பொறுப்பு. முல்லோயா கோவிந்தனைப் பற்றி எங்கள் பிள்ளை ஒருவர் சிங்களத்தில் பேசட்டும். ஊ விசாரவைப் பற்றி உங்களில் ஒருவர் தமிழில் பேசட்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை.

பதிலை நீங்கள் சிங்களத்திலேயே எழுதலாம். எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
ஹட்டன்.